ரோட்டரி எஞ்சினும் வெற்றிட அளவியும்: ஒரு கசிவின் வரலாறு

ரோட்டரி எஞ்சின் என்பது மேலும் கீழும் ஓடும் பிஸ்டனுக்குப் பதிலாக முக்கோண வடிவச் சுழலி ஒன்று சுழன்று ஆற்றல் தரும் பெட்ரோல் எஞ்சின் வகையாகும். இதை உருவாக்கிய ஜெர்மானியர் பெலிக்ஸ் வான்கெலின் பெயரால் இது வான்கெல் எஞ்சின் என்றும் அழைக்கப்படுகிறது. உறுப்புகள் குறைவு, எடை குறைவு, அதிர்வும் குறைவு என்பன இதன் சிறப்புகள். வாயு கசிவதே இதன் பெருங்குறை. இந்த எஞ்சினின் வரலாற்றில் பெரும்பகுதி அந்தக் கசிவோடு நடந்த போராட்டமே.

கசிவு உண்டா என்று அறியப் பட்டறையில் முதலில் எடுக்கப்படும் கருவி வெற்றிட அளவி. வண்டி நின்றிருக்க எஞ்சின் மட்டும் குறைந்த வேகத்தில் ஓடுவதை வெற்றோட்டம் என்பர். பட்டறை வழக்கில் இது ஐடிலிங். டர்போ பொருத்திய ரோட்டரி எஞ்சின் வெற்றோட்டத்தில் குறைந்த வெற்றிடம் காட்டினால் எஞ்சினே தேய்ந்துவிட்டது என்று பலரும் அஞ்சுவர். பல வேளைகளில் குற்றவாளி ஒரு பழைய ரப்பர் குழாயாகவே இருக்கும். இரண்டையும் பிரித்தறியும் முறை எப்படி உருவானது என்பதை இக்கட்டுரை கூறுகிறது.

கிணற்றிலிருந்து எஞ்சினுக்கு

வெற்றிடத்தால் உறிஞ்சுதல் உடுமலைப்பேட்டை, பொள்ளாச்சி, பல்லடம் வட்டார உழவர்களுக்குப் பழகிய செய்தி. கிணற்று மேட்டில் இருக்கும் பம்பு தண்ணீரை இழுப்பதில்லை. பம்பு தன் உறிஞ்சு குழாயில் காற்றழுத்தத்தைக் குறைக்கிறது. வெளியே உள்ள காற்று கிணற்று நீரை அழுத்தி மேலே தள்ளுகிறது. அடியிலுள்ள புட்வால்வு கசிந்தாலோ, குழாய் இணைப்பில் மயிரிழை விரிசல் விழுந்தாலோ, மோட்டார் ஓடும், தண்ணீர் வராது. உடனே மோட்டாரைக் கழற்ற எவரும் சொல்வதில்லை. முதலில் இணைப்புகளைப் பார்ப்பர், பிறகு புட்வால்வு, கடைசியாகத்தான் பம்பு.

உறிஞ்சு பம்பு ஓர் அளவுக்கு மேல் நீரை உயர்த்தாது என்பதைக் கலிலியோ 1638-இல் வெளியான தம் நூலில் குறிப்பிட்டார். அவருடைய மாணவர் தோரிசெல்லி 1643-இல் பாதரசக் குழாய் சோதனை மூலம் காற்றுக்கு எடை உண்டு என்று காட்டினார். கடல் மட்டத்தில் காற்று தாங்கும் பாதரசத்தின் உயரம் ஏறத்தாழ 30 அங்குலம். நீரானால் 10 மீட்டருக்குச் சற்று அதிகம். நடைமுறையில் பம்பு 6, 7 மீட்டருக்கு மேல் நன்றாக உறிஞ்சாது. நீர்மட்டம் இறங்க இறங்கக் கொங்கு நாட்டுக் கிணறுகளுக்குள் மேடை கட்டி மோட்டாரைக் கீழே இறக்கியதற்கு இதுவே காரணம். எஞ்சினின் வெற்றிடத்தை இன்றும் பாதரச அங்குலத்தில் அளக்கிறார்கள்.

பெட்ரோல் எஞ்சினும் ஒரு பம்புதான். அதன் காற்று வழியில் திராட்டில் எனப்படும் தட்டு உண்டு. வெற்றோட்டத்தில் தட்டு ஏறக்குறைய மூடியிருக்கும். எஞ்சினோ காற்றை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். ஆகவே தட்டுக்கும் எஞ்சினுக்கும் இடையில் வெற்றிடம் உண்டாகிறது. உடல்நலமுள்ள பிஸ்டன் எஞ்சினில் இது 17 முதல் 21 பாதரச அங்குலம் வரை இருக்கும்.

1920-இல் ஜி. டி. நாயுடு தம் முதல் பேருந்தை ஓட்டிய பொள்ளாச்சி–பழனி சாலை உடுமலைப்பேட்டை வழியாகச் செல்வது. பேருந்துகள் பெட்ரோலில் ஓடிய அக்காலம் போய் டீசல் வந்தபின் எஞ்சின் வெற்றிடம் என்பது நம் பட்டறைகளில் அரிதாகப் பேசப்படும் பொருளாயிற்று. பொதுவாக டீசல் எஞ்சினில் காற்றைத் தடுக்கும் தட்டு இல்லை; வெற்றிடமும் பெரிதாக உண்டாவதில்லை. டீசல் வேன்களில் பிரேக்குக்கென்று தனி வெற்றிட பம்பு வைப்பது அதனால்தான். கொங்குச் சாலைகளில் சுவராஜ் மாஸ்தா வண்டிகளால் பழகிய மாஸ்தா என்னும் ஜப்பானியப் பெயரும் இங்கே டீசலோடு சேர்ந்தே அறிமுகமானது. அதே நிறுவனம்தான் உலகில் ரோட்டரி எஞ்சினை விடாமல் வளர்த்தது.

வான்கெலும் என்.எஸ்.யு. நிறுவனமும்

பெலிக்ஸ் வான்கெல் 1902-இல் பிறந்தவர். சுழலும் உறுப்புகளுக்கு இடையே வாயு கசியாமல் அடைப்பது எப்படி என்பதே அவருடைய வாழ்நாள் ஆய்வு. 1951 முதல் நெக்கர்சுல்ம் நகரிலிருந்த என்.எஸ்.யு. நிறுவனத்தோடு இணைந்து உழைத்தார். அவருடைய முதல் சோதனை எஞ்சின் 1957 பிப்ரவரியில் ஓடியது. அதில் சுழலியோடு வெளிக்கூடும் சேர்ந்து சுழன்றது. அதே நிறுவனத்துப் பொறியாளர் ஹான்ஸ் டீட்டர் பாஷ்கே வெளிக்கூட்டை நிலையாக வைத்து எளிமையாக்கினார். 1958-இல் ஓடிய அந்த அமைப்பே இன்றுவரை நிலைத்தது.

அதன் கூட்டை உள்ளிருந்து பார்த்தால் இரட்டைப் பருப்புள்ள நிலக்கடலைத் தோல் போல இடையில் சற்று ஒடுங்கியிருக்கும். அதற்குள் முக்கோணச் சுழலியின் மூன்று முனைகளும் எப்போதும் சுவரைத் தொட்டபடி சுழல்கின்றன. சுழலியின் மூன்று முகங்களும் மூன்று அறைகள். ஒன்று காற்றை உறிஞ்சும்போது இன்னொன்று அழுத்தும், மற்றொன்று எரியும் அல்லது புகையை வெளியேற்றும். சுழலி ஒரு முறை சுற்றும்போது நடுத்தண்டு மூன்று முறை சுற்றுகிறது.

இந்த அறைகளைப் பிரிக்கும் வேலி சீல்கள். ஒரு சுழலிக்கு முனை சீல்கள் 3, மூலை சீல்கள் 6, பக்க சீல்கள் 6. பிஸ்டன் வளையம் உருளையின் சுவரில் முழு வட்டமாக அமர்ந்திருக்கும். முனை சீலோ ஒரு கோட்டளவில் மட்டுமே சுவரைத் தொடும். சுவரோடு அது அமையும் கோணமும் ஒவ்வொரு சுற்றிலும் மாறிக்கொண்டே இருக்கும். இது தேய்ந்தால் ஒரு அறையின் வாயு பக்கத்து அறைக்குப் பாயும்.

1967-இல் வந்த என்.எஸ்.யு. ரோ 80 கார், அடுத்த ஆண்டுக்குரிய ஐரோப்பியச் சிறந்த கார் விருதைப் பெற்றது. ஆயினும் தொடக்க ஆண்டுகளில் பல கார்களின் எஞ்சின்கள் 50,000 கிலோமீட்டரை எட்டுமுன்பே பழுதாயின. நிறுவனம் உத்தரவாதத்தின்பேரில் எஞ்சின்களை மாற்றிக் கொடுத்தது. எதிரே வரும் ரோ 80 ஓட்டுநரிடம், தம் காரில் எத்தனை எஞ்சின் மாற்றியாயிற்று என்பதை விரல்விட்டுக் காட்டுவார்கள் என்று ஒரு கதையே உண்டு. செலவைத் தாங்காத என்.எஸ்.யு. 1969-இல் வோக்ஸ்வாகன் குழுமத்தில் ஆடியோடு இணைக்கப்பட்டது. ரோ 80-இன் உற்பத்தி 1977-இல் நின்றது.

ஹிரோஷிமாவின் 47 பேர்

ஹிரோஷிமாவிலிருந்த டோயோ கோக்யோ நிறுவனம், அதாவது இன்றைய மாஸ்தா, 1961-இல் என்.எஸ்.யு.விடம் உரிமம் பெற்றது. 1963-இல் யமமோட்டோ கெனிச்சி தலைமையில் தனி ஆய்வுப் பிரிவு தொடங்கியது. அதிலிருந்த 47 பொறியாளர்களை ஜப்பானியக் கதை மரபிலுள்ள 47 வீரர்களோடு ஒப்பிடுவது வழக்கம்.

அவர்கள் சந்தித்த முதல் சிக்கல், கூட்டின் உட்சுவரில் அலை அலையாகத் தோன்றிய கீறல்கள். அவற்றுக்குப் பேயின் நகக்கீறல் என்று பெயரிட்டனர். முனை சீல் சுவரில் வழுக்கிச் செல்லாமல் அதிர்ந்து துள்ளுவதால் அவை உண்டாயின. சீலின் வடிவத்தை மாற்றினால் அதன் அதிர்வும் மாறும் என்று கண்டு, உள்ளே குறுக்குத் துளையிட்ட சீல்களைச் செய்து பார்த்தனர். விற்பனைக் கார்களுக்கு அலுமினியம் ஊட்டிய கார்பன் சீல்கள் தேர்வாயின. 1967 மே மாதம் காஸ்மோ ஸ்போர்ட் கார் வெளிவந்தது. மறு ஆண்டில் ஜெர்மனியின் நூர்பர்க்ரிங்கில் நடந்த 84 மணிநேரப் போட்டியில் இந்தக் கார் ஒன்று நான்காம் இடத்தைப் பிடித்தது. சீல்கள் தாங்கும் என்பதற்கு அது பகிரங்கச் சான்று.

1973-இன் எண்ணெய் நெருக்கடியில், எரிபொருள் அதிகம் குடிக்கும் ரோட்டரி கார்களின் விற்பனை சரிந்தது. பல நிறுவனங்கள் ஆய்வைக் கைவிட்டன. மாஸ்தா கைவிடாமல் 1978-இல் ஆர்.எக்ஸ்.7 காரைக் கொண்டுவந்தது. 1991-இல் அதன் நான்கு சுழலி எஞ்சின் கொண்ட 787பி கார் லெ மான் 24 மணிநேரப் போட்டியை வென்றது.

டர்போ சேர்ந்தபின்

வெளியேறும் புகையின் வேகத்தால் ஒரு சிறு காற்றாடியைச் சுழற்றி, அதனால் எஞ்சினுக்குக் கூடுதல் காற்றைத் திணிப்பது டர்போ. மாஸ்தா 1982-இல் ரோட்டரி காரில் இதைப் பொருத்தியது. 1991 டிசம்பரில் வந்த மூன்றாம் தலைமுறை ஆர்.எக்ஸ்.7-இன் 1308 கன செ.மீ. எஞ்சினில் இரண்டு டர்போக்கள் இருந்தன. குறைந்த வேகத்தில் ஒன்று மட்டும் வேலை செய்யும். வேகம் கூடியதும் இரண்டாவது சேரும். தொடக்கத்திலேயே அது 255 குதிரைத்திறன் தந்தது.

இந்த இரண்டு டர்போக்களையும் மாற்றி மாற்றி இயக்க வால்வுகள், காந்தச் சுவிட்சுகள், அழுத்தத் தொட்டி, வெற்றிடத் தொட்டி, இவற்றை இணைக்கும் ஏராளமான ரப்பர் குழாய்கள் தேவைப்பட்டன. எஞ்சினின் கடும் வெப்பத்தில் இந்தக் குழாய்கள் ஆண்டுகள் செல்லச்செல்ல விறைத்து வெடித்தன. ஒரே குழாய் வெற்றோட்டத்தில் வெற்றிடத்தையும் ஓட்டத்தில் அழுத்தத்தையும் தாங்க வேண்டியிருந்தது. ஆகவே குறைந்த வெற்றிடத்துக்கு இரண்டு காரணங்கள் போட்டியிட்டன: உள்ளே சீல், வெளியே குழாய். முன்னதைச் சரிசெய்ய எஞ்சினைப் பிரிக்க வேண்டும். பின்னதற்கு ஒரு சாண் ரப்பர் போதும்.

வெற்றோட்டத்தில் ஏன் அளக்க வேண்டும்

நடுத்தண்டு நிமிடத்துக்கு 750 சுற்று ஓடும்போது சுழலி 250 சுற்றுதான் சுற்றுகிறது. வேகமாக ஓடும்போது வாயு அழுத்தமும் மைய விலக்கு விசையும் முனை சீலைச் சுவரோடு அழுத்திப் பிடிக்கும். கசிவதற்கான நேரமும் குறைவு. மெதுவாக ஓடும்போது பெரும்பாலும் சீலின் அடியிலுள்ள சிறு வில்தான் அதைத் தாங்குகிறது. எனவே தேய்மானம் முதலில் வெற்றோட்டத்திலும் எஞ்சினைத் தொடங்கும்போதும்தான் வெளிப்படும். அப்போது டர்போவும் அழுத்தம் தருவதில்லை. எஞ்சினின் சொந்த உறிஞ்சும் திறன் மட்டுமே அளவியில் தெரியும்.

நிறுவனம் தந்த துளை அமைப்பு மாறாத எஞ்சின் சூடேறிய நிலையில் ஏறத்தாழ 16 முதல் 18 அங்குலம் காட்டும். ஊரின் உயரத்தையும் கணக்கில் கொள்ள வேண்டும். 300 மீட்டர் உயரத்துக்கு ஏறத்தாழ ஓர் அங்குலம் குறையும். சென்னையில் 18 காட்டும் எஞ்சின், சுமார் 410 மீட்டர் உயரமுள்ள கோவையில் 17-ஐ ஒட்டியும், சுமார் 2240 மீட்டர் உயரமுள்ள உதகையில் 11-ஐ ஒட்டியும் காட்டினால் அது நோயன்று.

காரணம் கண்டறியும் வரிசை

அனுபவமுள்ளோர் மலிவான காரணத்தில் தொடங்கி விலையுயர்ந்த காரணத்துக்குச் செல்வர்.

முதலாவது, அளவி. அதன் குழாய் கசிகிறதா, தட்டுக்குப் பின்னுள்ள இடத்தில்தான் இணைத்திருக்கிறதா, எஞ்சின் முழுதும் சூடாகி வெற்றோட்ட வேகம் சரியாக உள்ளதா என்று பார்க்க வேண்டும். குளிர்நிலையில் வேகத்தைக் கூட்டித் தரும் அமைப்பு விடுபடாமல் நின்றால் தட்டு திறந்தே இருக்கும், வெற்றிடம் குறையும்.

இரண்டாவது, வெளிக் கசிவு. முள் ஆடாமல் தாழ்வாக நின்றால் இதைத்தான் முதலில் ஐயுற வேண்டும். குழாய்களை ஒவ்வொன்றாக இடுக்கியால் நெரித்தால், கசியும் குழாயை நெரித்தவுடன் முள் உயரும். பிரேக் பூஸ்டருக்குச் செல்லும் குழாய், காற்றுவழிக் கேஸ்கட், எரிபொருள் இஞ்செக்டரின் ரப்பர் வளையம் ஆகியவை அடுத்தவை. எஞ்சினை நிறுத்திவிட்டுக் காற்றுவழியில் மிதமான அழுத்தத்தில் புகையைச் செலுத்தினால் கசியும் இடம் தானே தெரியும். சைக்கிள் டியூபைத் தண்ணீரில் அமுக்கிப் பஞ்சர் பார்ப்பது போன்ற முறையே இது.

மூன்றாவது, பொறி. ரோட்டரியில் சுழலிக்கு இரண்டு ஸ்பார்க் பிளக்குகள் உண்டு. பொறி தாமதமாக விழுந்தாலும், ஒரு பிளக் செயலிழந்தாலும் வெற்றிடம் குறையும்.

நான்காவது, புகைவழி அடைப்பு. எஞ்சினை 2500 அல்லது 3000 சுற்றில் நிறுத்திப் பிடித்தால் வெற்றிடம் ஏறி நிலைக்க வேண்டும். மெல்ல மெல்ல இறங்கினால் புகை வெளியேற வழியில்லை. உருகி அடைத்த கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர் காரணமாகலாம்.

ஐந்தாவதுதான் சீல். முள் ஒழுங்கான தாளத்தில் துடித்தால் ஏதோ ஒரு முகம் மட்டும் பலவீனமாக உள்ளது என்று ஐயுறலாம். இதை உறுதிசெய்வது அழுத்தச் சோதனை. பிஸ்டன் எஞ்சினுக்குரிய அழுத்தமானி மூன்று முகங்களில் மிகுந்த அழுத்தத்தை மட்டும் பிடித்து வைத்துக்கொள்ளும். நலிந்த முகம் மறைந்துவிடும். அதன் தடுப்பு வால்வை நீக்கினால் முள் மூன்று முறை துள்ளும். மூன்றும் சமமாக இருந்தால் நலம். இரண்டு உயர்ந்து ஒன்று தாழ்ந்தால் பக்க சீல் அல்லது மூலை சீலிலும், ஒன்று உயர்ந்து இரண்டு தாழ்ந்தால் முனை சீலிலும் பழுது இருக்க வாய்ப்பு அதிகம். ஒரு முனை சீல் இரண்டு அறைகளுக்குப் பொதுவான வேலி என்பதே காரணம்.

இங்கும் அவசரம் கூடாது. பெட்ரோல் மிகுந்து நனைந்த எஞ்சினில் சுவரின் எண்ணெய்ப் படலம் கழுவப்பட்டு அழுத்தம் குறையும். எண்ணெய் ஊட்டினால் மீளும். கரி பிடித்துச் சீல் குழியிலேயே சிக்கிக்கொள்வதும் உண்டு. போட்டிக்காகத் துளைகளைப் பெரிதாக்கிய எஞ்சினில் உறிஞ்சு வழியும் புகைவழியும் சிறிது நேரம் சேர்ந்து திறந்திருக்கும். அதில் குறைந்த வெற்றிடமே இயல்பு.

கவனக்குறைவின் விலையும் பெரிது. காற்றின் அளவை முன்னரே அளக்கும் அமைப்பில், பின்னால் கசிந்து நுழையும் காற்று கணக்கில் வராது. எரிபொருள் போதாமல் போகும். அந்த நிலையில் டர்போ அழுத்தம் ஏறினால் கலவை நேரம் தவறி வெடித்து முனை சீலை உடைக்கலாம். உடைந்த துண்டு புகைவழியாகப் பறந்து டர்போவின் காற்றாடியையும் சிதைக்கும். கவனிக்காத குழாய்க் கசிவு உண்மையான சீல் பழுதாக முடிவது இப்படித்தான்.

கோலார் வானில்

இந்தியாவிலும் ரோட்டரி எஞ்சின் உருவாக்கப்பட்டது. ராணுவக் கண்காணிப்புக்காகப் பெங்களூருவின் வானூர்தி மேம்பாட்டு நிறுவனம் உருவாக்கிய நிஷாந்த் என்னும் ஆளில்லா விமானம் முதலில் இறக்குமதி எஞ்சினில் பறந்தது. அதற்கு மாற்றாக, பெங்களூருவின் தேசிய விண்வெளி ஆய்வகம், அகமதுநகரிலுள்ள வாகன ஆராய்ச்சி மேம்பாட்டு நிறுவனம் ஆகியவையும் சேர்ந்து 55 குதிரைத்திறன் கொண்ட ஒற்றைச் சுழலி வான்கெல் எஞ்சினை வடிவமைத்தன. அதன் எடை சுமார் 30 கிலோ. எடை குறைவாகவும் அதிர்வு குறைவாகவும் இருப்பது கேமரா சுமக்கும் விமானத்துக்கு ஏற்றது.

2009 ஏப்ரலில் கோலார் அருகே, இரண்டாம் உலகப்போர்க் காலத்துக் கைவிடப்பட்ட ஓடுதளம் ஒன்றிலிருந்து இந்த எஞ்சினோடு நிஷாந்த் முதன்முறை பறந்தது. 1.8 கிலோமீட்டர் உயரம் சென்று, சுமார் 40 நிமிடத்தில் வறண்ட ஏரிப்படுகையில் பத்திரமாக இறங்கியது.

இதில் பெங்களூரு ஆய்வகம் தீர்த்த முக்கியச் சிக்கல் கூட்டின் உட்சுவர். அலுமினிய உலோகக்கலவை வார்ப்பின்மேல் நிக்கலும் சிலிக்கன் கார்பைடும் கலந்த பூச்சை அங்கேயே உருவாக்கினர். இவ்வகைப் பூச்சு ஜெர்மனியின் மாலே நிறுவனத்தால் 1967-இல் வான்கெல் எஞ்சினின் முனை சீலுக்காகவே அறிமுகமானது. ரோ 80-ஐ வாட்டிய அதே சிக்கலுக்கு, நாற்பது ஆண்டுகளுக்குப்பின் பெங்களூருவில் சொந்தமாக விடை தேட வேண்டியிருந்தது. நிஷாந்த் திட்டம் பின்னர் நீடிக்கவில்லை. ஆனால் ரோட்டரி எஞ்சினின் உட்கருவை முழுவதும் உள்நாட்டில் வடிவமைத்துப் பறக்கவிட முடியும் என்பது நிறுவப்பட்டது.

இன்றைய நிலை

ஆர்.எக்ஸ்.7-இன் உற்பத்தி 2002-இலும், அதன்பின் வந்த ஆர்.எக்ஸ்.8-இன் உற்பத்தி 2012-இலும் முடிந்தன. 2023-இல் மாஸ்தா தன் எம்.எக்ஸ்.30 காரில் ஒற்றைச் சுழலி எஞ்சினை மீண்டும் கொண்டுவந்தது. அதில் எஞ்சின் சக்கரங்களைச் சுழற்றுவதில்லை. மின்கலத்துக்கு மின்சாரம் தரும் வேலையை மட்டும் செய்கிறது.

பழைய டர்போ ரோட்டரி கார்களைப் பேணுவோர் இன்றும் பல நாடுகளில் உள்ளனர். அவர்களுடைய முதல் பாடம், அளவியின் குறைந்த எண் ஓர் அறிகுறியே, தீர்ப்பு அன்று என்பது. தண்ணீர் எடுக்காத பம்பின் முன் நிற்கும் கொங்கு உழவர் இணைப்பு, புட்வால்வு, பம்பு என்ற வரிசையில் சோதிப்பது போலவே, அவர்களும் குழாயில் தொடங்கிச் சீலில் முடிக்கிறார்கள்.